ஜாம் போத்தலுக்குள் ஏழு கரப்பொத்தான்

பேய், சகுனம் ஒன்றையும் நான் நம்பியதில்லை. பூச்சி மருந்து அடிப்பது என் தொழில், இருட்டு மூலைகளுக்குள் தலையை விட்டே பிழைக்கிறவன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து என் மனைவி சுகந்தி உண்டானாள். கல்லடியில் அவள் தாய்வீட்டில்தான் இருக்கிறோம். மாமி உடனே சட்டம் போட்டார்.

“மருமகன், பிள்ளத்தாச்சிட புருசன் உசிரக் கொல்லப்படா. இந்த வேலைய உடுங்க.”

“உட்டா மறுகா சோத்துக்கு என்ன செய்யிற மாமி?”

யோசித்து ஒரு வழி பிடித்தேன். கரப்பொத்தானைக் கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்துகிற மருந்து இருக்கிறது. குஞ்சு பெரிதாகாது, தப்பித்தவறி இறக்கை முளைத்தாலும் முறுகிப்போகும், இனம் பெருகாது. “கொல்லல்ல மாமி, வளர விடாம வைக்கிறன், அவ்வளவுதான்” என்றேன். அவரும் அரைமனதோடு தலையாட்டினார்.

ஏழாம் மாத ஸ்கேனில், பிள்ளையின் வளர்ச்சி போதாது என்றார் டொக்டர். என் பூச்சி மருந்தாலா என்று கேட்டேன், இல்லவே இல்லை என்றார். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை ஏது?

ஒன்பதாம் மாதம் சுகந்தியை வார்டில் வைத்திருந்தார்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றார்கள். ஒருநாள் பகல் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் நின்றேன். கரப்பொத்தான் இன்னும் சாகவில்லையே என்று மனேஜர் தம்பி சண்டைக்கு வந்தார். மருந்து பட்ட ஏழு குஞ்சுகளை ஜாம் போத்தலில் அடைத்து வைத்திருப்பேன், ஆட்களுக்குக் காட்ட. ஆறு கிழமையாக வளராமல் அப்படியே இருந்தவை. அந்தப் போத்தலை மேசையில் வைக்கவும் போன் அடித்தது.

“மருமகன், பொம்பிளப்பிள்ள! மூணு கிலோவாம்! தாயும் பிள்ளயும் நல்ல சுகம்!”

நான் அந்தக் குசினியிலேயே ஓவென்று அழுதேன், சிரித்தேன், மனேஜரைக் கட்டிப்பிடித்தேன்.

“அண்ணன், உங்கட போத்தலப் பாருங்க” என்றார் அவர், குரலே மாறிப்போய்.

நம்பினால் நம்புங்கள். ஏழு தோல் கழன்று கிடந்தது. பக்கத்தில் ஏழு கரப்பொத்தான், பால் வெள்ளையாக, இறக்கை ஒன்றுகூட முறுகாமல். மருந்து பட்டது அப்படி வளரவே முடியாது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் ஏழையும் தோட்டத்தில் திறந்துவிட்டேன். பூச்சி மருந்துக்காரன் செய்கிற வேலையா அது?

மகளுக்கு இப்போது மூன்று வயது, வீட்டையே தலைகீழாக்குகிறாள். எங்கள் வீட்டுக்குள் நான் மருந்து வைத்ததே இல்லை, ஆனாலும் ஒரு கரப்பொத்தான் கிடையாது. போன கிழமை ஒன்று வாசற்படி வரை வந்தது. மகள் விளையாடிக்கொண்டிருந்த பக்கம் மீசையை ஆட்டியபடி கொஞ்சநேரம் நின்றது, பிறகு திரும்பிப் போனது. ஆயிரம் கரப்பொத்தான் ஓடியதைக் கண்டவன் நான். இது ஓடவில்லை, நடந்து போனது.