பெட்டி பேசக் கூடாது

கோதண்டம் இடது கையைத் தூக்கிவிட்டால் கொட்டகையில் சுத்தியல் நின்றாக வேண்டும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, கள்ளிப்பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்து, வலது கையால் பெட்டியை இப்படியும் அப்படியும் உலுக்குவார். கண் மூடியிருக்கும். உதட்டிடுக்கில் நாலைந்து ஆணிகள். உள்ளே இருக்கும் சாமான் லேசாக முனகினாலும் போச்சு. மூடியைத் திறந்து, வைக்கோலைப் பிரித்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். சத்தமே இல்லையென்றால், தூக்கிய கை இறங்கி மூடியின்மேல் இரண்டு தட்டுத் தட்டும். அதுதான் ஆணி அடிக்க உத்தரவு.

“பொட்டி பேசக் கூடாது சார்” என்பார், ஆணிகளை எடுக்காமலே. “இங்கியே பேசிச்சின்னா, அங்க போறதுக்குள்ள அழுதுடும்.”

நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் ஒன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சரக்குக்குக் காகிதம் தயாரிப்பது என் வேலை. பெட்டி தயாரிப்பது கோதண்டத்தின் வேலை. கல்மண்டபத்துக்குப் பின்னால் அவர் கொட்டகை. இப்போது நான் மாம்பலத்துக்குக் குடிவந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். வசதிதான். ஆனால் அந்தக் கொட்டகையின் வச்சிரப் பசை நாற்றமும், பக்கத்துக் கிடங்கிலிருந்து வரும் பதனிட்ட தோலின் நாற்றமும், துறைமுகத்துச் சங்கும் இல்லாத காலைவேளை எனக்கு இன்னும் காலைவேளையாகவே தோன்றுவதில்லை. மாதத்துக்கு ஒரு தரம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ராயபுரம் போய்விடுகிறேன்.

கோதண்டம் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் கட்டுமரம். இவருக்கு மட்டும் அலையில் கால் வைத்தால் குடலே வாய்க்கு வந்துவிடும். பன்னிரண்டு வயதில் மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, அப்பாவே ஒரு தச்சரிடம் கொண்டுபோய் விட்டாராம். “கடலுக்கும் எனக்கும் ஆவாது சார். அத்தொட்டு, நான் போவாம பொட்டிய அனுப்பிக்கினு கீறேன்” என்று அவர் சொல்லும்போது சிரிப்பும் இருக்கும், கொஞ்சம் வெட்கமும் இருக்கும். மனைவி புஷ்பவல்லி மட்டும் இன்றைக்கும் வலை பின்னுகிறாள். கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, கை பின்ன, வாய் புருஷனை வம்புக்கு இழுக்கும்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. இருபது வருஷத்தில் அவர் அடித்த பெட்டி ஒன்றுகூட உடைசல் என்று திரும்பி வந்ததில்லை. கப்பல் சரக்கறையின் ஈரமும் உப்பும் உள்ளே புகாமல் இருக்க, உயர்ந்த சாமானுக்கு உள்பக்கம் தகரம் வைத்து, ஈயம் பற்றவைத்து, வெளிமூட்டில் படகுக்குப் பூசும் கீலைக் காய்ச்சி ஊற்றுவார். தம் பேரைப் பெட்டியில் எழுதமாட்டார். “தொறந்து பாத்தா தெரியும்ல” என்பார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், பங்குனி மாத வெயிலில், அந்தக் கொட்டகைக்கு ஒரு வீணை வந்தது.

கொண்டு வந்தவள் தேவப்பிரியம் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் ஆசீர்வாதத்தின் தங்கை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் கீர்த்தனைக்கு அவள்தான் வீணை வாசிப்பாள். எனக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பழக்கம் என்பதால் நான்தான் கோதண்டத்திடம் அழைத்துப் போனேன்.

“அண்ணாச்சி, எந்தங்கச்சி மரியம் கொழும்புல ஆஸ்பத்திரில கெடக்கா. வார திங்கக்கெழம நெஞ்சுல ஆபரேசன். அதுக்கு முந்தி இந்த வீணைய ஒருக்கக் கேக்கணும்னு எழுதியிருக்கா. வெள்ளிக்கெழம வரைக்கும் பள்ளிக்கூடத்துல லீவு கெடைக்காது, பொறவு ரயிலும் கப்பலும் மாறிப் போனா நேரத்துக்குப் போயிச் சேர முடியாது. சனிக்கெழம ஏரோப்ளேன்ல போறேன்” என்றாள்.

கொழும்பில் வீணை கிடைக்காதா என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கெடைக்கும் தம்பி. ஆனா இதுலதான் நாங்க ரெண்டு பேரும் படிச்சோம். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் அவளுக்கு இது தெரியும்.”

கோதண்டம் வீணையைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். விரல் ஓடும் இருபத்துநாலு பித்தளை மெட்டும் மெழுகின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, சூடு பட்டால் இளகும், அதிர்ந்தால் பெயரும், அப்புறம் சுரம் சுரமாக இருக்காது என்று டீச்சர் விளக்கினாள். தந்திகளைத் தளர்த்திக் காட்டினாள். இயந்திரமும் கண்ணாடியும் கட்டிப் பழகியவருக்கு இப்படியொரு சாமான் புதிது. வைக்கோல் வைத்து இறுக்கினால் மெட்டில் அழுத்தும், இறுக்காவிட்டால் ஆடும். பீடி ஒன்று முழுதும் புகைந்து முடிந்த பிறகு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“புஷ்பா, பருத்தி நூல்ல ஒரு வலை கட்டிக் குடு. கொயந்தய தூளில போடறாப்ல இத்த தொங்கவுடணும். எந்தப் பக்கமும் பலகையில படக் கூடாது.”

“மீனு புடிக்க வக்கில்ல, வீணை புடிக்கப் போறியா?” என்றாள் புஷ்பவல்லி. ஆனால் அன்று சாயந்திரமே நூலை எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி தயார். நான் பார்த்த பெட்டிகளிலேயே அழகான பெட்டி அதுதான். பர்மாத் தேக்கு, நான்கு மூலையிலும் இரும்புப் பட்டை. உள்ளே தகரம், தகரத்துக்குள் எட்டுக் கொக்கி, கொக்கிகளில் வலை, வலைக்குள் பழைய பஞ்சு ரஜாய் சுற்றிய வீணை. மெழுகுக்குச் சூடு போகாதபடி நனைந்த கோணியை அடுக்கிக்கொண்டு ஈயம் பற்றவைத்தார். கடைசியில் இடது கையைத் தூக்கிக் காதை வைத்தார். பெட்டி பேசவில்லை. இரண்டு தட்டு. சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை ஆசீர்வாதத்தின் மிளகாய் லாரியில் மீனம்பாக்கம் புறப்பட்டோம். வழியெல்லாம் தும்மல். இங்கிலீஷ் பேச வேண்டியிருக்கும் என்று என்னையும், இறக்கும்போது யாரும் கவிழ்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம்மையும் கோதண்டமே சேர்த்துக்கொண்டார்.

பெட்டியை எடைமேடையில் ஏற்ற நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முள் ஓடி நின்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். நூற்றெழுபது ராத்தல். ஒரு பயணிக்கு அனுமதி நாற்பத்துநாலு.

“இதை ஏத்தணும்னா ஒரு ஆளையே இறக்கணுமே” என்றார் எடை பார்த்தவர். அவர் நல்ல மனுஷர், சிரிக்காமல்தான் சொன்னார். “இது கப்பல் பெட்டி ஆச்சே. இதுக்கு எதுக்குத் தகரமும் கீலும்?”

கோதண்டம் என் பக்கம் திரும்பினார். “கடல் மேலதான போவுது? உப்புக் காத்து பூந்துடாது?”

கடலைத் தாண்டுகிற எதற்கும் உப்புதான் எதிரி என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. விமானத்துக்குப் பாரம்தான் எதிரி என்பது எனக்குத் தெரியும். தினமும் காகிதத்தில் எடை எழுதுகிறவன் நான். நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்! பெட்டியின் அழகில் மயங்கி வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விமானம் புறப்பட நாற்பது நிமிஷம் இருந்தது. அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை. டீச்சர் அழவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

“வெறும் வீணையா இருந்தா?” என்று கேட்டேன்.

“தபால் பாரம் ஜாஸ்தின்னு கடைசி வரிசையில ரெண்டு இடம் காலியா விட்டிருக்கோம். ஆடாம கட்டி வைக்க முடிஞ்சா அனுமதிக்கிறேன். ஆனா இந்த அம்மாவோட டிரங்குப் பெட்டி, வீணை ரெண்டையும் சேத்தா கணக்கு தாண்டும்.”

டீச்சர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். “சேல அங்க இருக்கும் தம்பி.”

கோதண்டம் இடுப்பிலிருந்து உளியை எடுத்தார். தாம் அடித்த பெட்டியை அவர் உடைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. முந்தின நாள் பற்றவைத்த ஈயத்தைக் கீறி, தகரத்தை வாழையிலை மாதிரி மடித்துத் திறந்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வலையோடு வீணையை வெளியே எடுத்து, பிள்ளையைத் தூக்குவது போல இரு கையிலும் ஏந்திக்கொண்டு, அந்த வெயிலில் டகோட்டா விமானம் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்தார்.

கட்டி வைக்க அவரை உள்ளே விட்டார்கள். நானும் பின்னாலேயே ஏணியில் நின்றேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வலையை இழுத்து, அவர் அப்பா கட்டுமரம் பிணைக்கிற முடிச்சாகப் போட்டார். பிறகு முழங்கால் போட்டு, ரஜாயில் காதை வைத்து, இருக்கையை உலுக்கி, இடது கையைத் தூக்கினார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கனவான்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு தட்டு இருக்கையின் முதுகில் விழுந்தது.

“பேசல டீச்சரம்மா. போய்ட்டு வா.”

விமானம் எழும்பியபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அவர் பார்க்கவில்லை. தரையில் குந்தி, வளைந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், லாரி ராயபுரத்தை நெருங்கியபோது, “கடல் மேல போவுதுன்னாங்க. எம்மாம் மேலன்னு நான் கேக்கல சார்” என்றார். அந்தச் சமயத்தில் எனக்கு மிளகாய்த் தும்மல் வந்தது பெரிய உதவியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. ஒரு மெட்டும் அசையவில்லை; மரியம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேட்டாள்; ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தந்தியை நான் படிக்கப் படிக்க, புஷ்பவல்லி அந்தத் தெருவுக்கே கேட்கும்படி, “எல்லாம் என் வலைடா நைனா!” என்றாள்.

கோதண்டம் அதற்குள் அந்தப் பலகைகளை இழைத்து, ஆணிகளை நிமிர்த்தி, பெட்டியைத் திரும்பவும் அடித்து வைத்திருந்தார். கொழும்புக் கப்பலில் அதை அனுப்ப வேண்டும், டீச்சர் வரும்போது வீணையை அதில் வைத்துக் கடல்வழியாகவே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம். சுங்கத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஐயா தேக்கும் தகரமும் என்றார்கள். அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளை நான் சந்தோஷமாகவே கொடுத்தேன். எனக்கும் ஒரு பிராயச்சித்தம் வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், அந்தப் பெட்டி கைவண்டியில் கொட்டகைக்கு வந்தது. கூடவே தேவப்பிரியம் டீச்சர். கறுத்து, இளைத்து, முகம் மட்டும் தெளிந்திருந்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே ஈரத்தின் வாசனைகூட இல்லை. தூளி அப்படியே தொங்கியது.

“அண்ணாச்சி, அன்னிக்கு எந்தங்கச்சிக்கு வாசிச்சத ஒங்களுக்கும் வாசிக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் கப்பல் ஏறினேன்” என்றாள்.

கவிழ்த்த கள்ளிப்பெட்டி ஒன்றின்மேல் பாயை விரித்து உட்கார்ந்தாள். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். பக்கத்துக் கிடங்கில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் துறைமுகத்துச் சங்கு ஒரு முறை ஊதி ஓய்ந்தது.

வாசிக்க ஆரம்பித்ததும் கோதண்டம் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, கிட்டே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, வீணைக் குடத்தின் பலா மரத்தில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பழக்க தோஷம், இடது கை மேலே போய்விட்டது. கிடங்கில் தகரச் சத்தம் நின்றது. டீச்சர் வாசித்து முடித்து, மீட்டிய விரலையும் எடுத்துவிட்டாள்; கடைசித் தந்தியின் அதிர்வும் அடங்கிவிட்டது.

அவர் காதுக்கு அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது போலும், தூக்கிய கை இறங்கவே இல்லை.