முழங்கைக் காய்ப்பு

நேற்று டாக்டர் என் முழங்கையில் இருந்த கெட்டியான கட்டியை அழுத்திப் பார்த்தார். "கவுட் சார். யூரிக் ஆசிட் உப்பா படிஞ்சிருக்குது" என்றார். எனக்கோ வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலை வேட்டுச் சத்தம் காதில் கேட்டது.

கருட சேவை! என் சித்தப்பா பெருமாளைச் சுமப்பவர்களில் ஒருவர். வாகனத்தைத் தூக்கும் தண்டு அழுந்தி அவர்கள் எல்லோருக்கும் தோளில் காய்ப்பு இருக்கும். அதுதான் அவர்கள் பெருமை. சித்தப்பாவுக்கு முழங்கையிலும் கட்டி. "எனக்கு மட்டும் பெருமாள் கூடுதலா குடுத்துக்கீறாரு" என்று சட்டையைச் சுருட்டிக் காட்டுவார். டாக்டர் கவுட் என்று சொல்லித் தந்த மாத்திரையை வலித்தால் போடுவார், வலி நின்றதும் விட்டுவிடுவார்.

ஒரு வருடம் சேவைக்கு முதல் நாள் அதே கவுட்டால் அவருடைய கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே அலறினார். தண்டுக்கடியில் அவர் இடத்தில் வேறொருவர் நின்றார். பெருமாள் புறப்படும் வேட்டுச் சத்தம் கேட்டதும் சித்தப்பா அழுதேவிட்டார்.

"கூடுதலா குடுத்தாராம்!" என்றாள் சித்தி. "அழுவாதய்யா. இனிமே வலிச்சாலும் வலிக்காட்டியும் தினம் மாத்திரை. இல்லனா சோறு கிடையாது."

மறு வைகாசிக்குள் கட்டி சுருங்கியிருந்தது. சித்தப்பா மறுபடி தண்டுக்கடியில்! கோபுர வாசல் தாண்டியதும் ஒரே ஓட்டம். நானும் கூட்டத்தில் புகுந்து ஓடினேன். குடை பிடித்தவர் மூச்சிரைக்கக் கத்தினார்: "மெதுவா போப்பா, குடை பின்னாடி நிக்குது!"

"நீ வேகமா வாய்யா! ஒரு வருசம் படுத்துட்டு வரேன்!" என்றார் சித்தப்பா.

டாக்டர் சீட்டை நீட்டினார். "வலி நின்னாலும் மாத்திரையை விடக் கூடாது. கட்டி மெதுவாத்தான் கரையும்."

"கரையும் சார், நான் பாத்திருக்கேன்!" என்றேன், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.