என் வண்டியின் பிக்கப்

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் நான் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வேலைக்கு அரியலூரிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். அப்படித்தான் அவரும் வந்தார். உடையார்பாளையம் பக்கம் நிலமும் டிப்பர் லாரிகளும் உள்ளவர். கார் டிக்கியைத் திறந்து, கை நீளத்துக்கு ஒரு டிரக்கை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பொம்மை என்று நினைத்தேன். மேல்மூடியைக் கழற்றியபோதுதான் உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நிஜ இன்ஜின் இருப்பது தெரிந்தது. நைட்ரோ கலந்த எரிபொருளில் ஓடும். சைலென்சர் வழியாகப் புகை விடும். ரிமோட்டைப் பிடித்தால் பறக்கும்.

"எடுக்கும்போது முக்குதுப்பா. பிக்கப் வேணும். ஞாயித்துக்கிழமை ரேஸு" என்றார்.

குட்டி கார்புரேட்டர், இரண்டு ஊசிகள். மெதுவாக ஓடும்போது எவ்வளவு எரிபொருள் போகவேண்டும் என்பதற்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். அந்த ஞாயிறு அவர் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போனார்.

அரியலூர் தாண்டி, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு தரிசு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து அங்கே வளைந்து வளைந்து தடம் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாரும் வசதியானவர்கள். ஐந்தாறு மாதம் நான் அங்கே எரிபொருள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர் வரிசையாக ஜெயித்தார். வண்டியை யார் டியூன் செய்தது என்று கேட்டவர்களிடம், "நாந்தான், யூட்யூப் பார்த்து" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அதைக்கூட விட்டுவிட்டேன்.

ஒருநாள் ரேஸ் முடிந்து எல்லாரும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "ஐயா, ஒரு ரவுண்டு நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் ரிமோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீ டியூன் பண்ணு. ஓட்டுறதுக்கு ஒரு கை வேணும்ல. ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு வேலைப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றும் சிரிக்கவில்லை, லேசாகத்தான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. பாடாலூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய என் அப்பாவிடமும் அதைத்தான் சொன்னார்கள். நான் ஐ.டி.ஐ. சேரப்போனபோது என்னிடமும் ஒருவர் சொன்னார். பாட்டிலை மூடி அவர் கார்மேல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

மறுவாரமே திருச்சியில் ஒருவர் சுவரில் மோதி உடைத்துப் போட்டிருந்த பழைய டிரக் ஒன்றை வாங்கிவந்தேன். அச்சு வளைந்திருந்தது. ஒரு சக்கரமே இல்லை. ஒரு மாதத்தில் ஓடவைத்தேன். ஓடியது, ஆனால் பிக்கப் இல்லை. ரிமோட்டை அழுத்தினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அந்தத் தடத்தில் நேரான இடம் குறைவு. ஒவ்வொரு வளைவிலும் நின்று கிளம்பவேண்டும். யோசிக்கிற வண்டி அங்கே தேறாது.

அவசரத்தில் நான் செய்தது முட்டாள்தனம். வேக ஊசியை இறுக்கிக்கொண்டே போனேன். எரிபொருள் குறைந்தால் இன்ஜின் கூர்மையாகும், உண்மைதான். ஆனால் அதே எரிபொருளில்தான் எண்ணெயும் இருக்கிறது. புகை நின்றது, சத்தம் கிறீச்சென்று ஏறியது, பிளக் கருகியது. மற்றவர்கள் வண்டியில் செய்யாத தப்பை என் சொந்த வண்டியில் செய்தேன்.

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறாள். சாயங்காலம் வேனை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவள், நான் பிளக்கைக் கழற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல கியர் எத்தினி?"

"ஒண்ணுதான்."

"முப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மேட்டுல மூணாவது கியர்ல எடுப்பனா நானு? நீ அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்க."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அவள் சொன்னது சரி. கிளட்ச் பக்கத்துப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, இரண்டு பல் குறைவான சின்னச் சக்கரத்தைப் போட்டேன். உச்ச வேகம் குறையும், குறையட்டும். அந்தத் தடத்தில் உச்ச வேகத்துக்கு இடமே கிடையாது. கிளட்ச் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றினேன். அதனால் இன்ஜின் நன்றாக முறுக்கிய பிறகுதான் கிளட்ச் பிடித்தது. வேக ஊசியைப் பழையபடி தளர்த்திவிட்டு மெது ஊசிக்கு வந்தேன். வண்டி சும்மா ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினால் இரண்டு மூன்று நொடியில், சத்தம் லேசாக ஏறி, அணையவேண்டும். என்னுடையது ஏழெட்டு நொடி இழுத்தது. உள்ளே எரிபொருள் தேங்குகிறது, அதனால்தான் கிளம்பும்போது முக்குகிறது. கடிகார முள் ஒரு மணி நகர்கிற அளவுதான் மெது ஊசியை உள்ளே திருப்பினேன். மறுபடி நசுக்கினேன். மறுபடி திருப்பினேன். நான்காவது தடவை, கடைக்குப் பின்னால் மண்ணில் விட்டபோது முன்சக்கரம் இரண்டும் மேலே எழும்பின.

"ம். இப்ப எடுக்குது" என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் தரிசுக்குப் போனோம். என் கையிலிருந்த டிரக்கை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வந்து, "இது மெம்பருங்களுக்கு மட்டும்பா" என்றார்.

"அப்படி எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. "ஆறு மாசமா இங்க நிக்கிறேன். இந்தத் தடத்துல மண்ணு அள்ளிக் கொட்டுனதுல பாதி நானு. ஓட்டிட்டுத்தான் போவேன்."

அவர் டிப்பர்க்காரரைப் பார்த்தார். டிப்பர்க்காரர் தோளைக் குலுக்கினார். "ஓட்டட்டும். என்னா ஆயிடப் போவுது."

வெயில் ஏறியிருந்தது. முந்தைய நாள் கடையில் வைத்த அளவை நம்பாமல் அங்கேயே ஓட்டிப் பார்த்து வைத்தேன். இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நான்கு நொடியில் ஆவியாகவேண்டும். ஆனது. மெல்லிய புகைக்கோடும் இருந்தது. என் மனைவி வண்டியைக் கோட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முழங்காலெல்லாம் வெள்ளைத் தூசு.

கொடி இறங்கியதும் முதலில் வளைவுக்குள் போனது என் வண்டி. மற்ற ஐந்தும் பின்னால். நேரான இடத்தில் இரண்டு வண்டிகள் என்னைத் தாண்டின. அடுத்த வளைவில் நான் ஒன்றைத் தாண்டினேன். அப்படியே போனது. ஏழாவது சுற்றில் டிப்பர்க்காரரின் வண்டி கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. அதில் புகையே வராததை நான் முதல் சுற்றிலேயே கவனித்திருந்தேன். நான் இல்லாத வாரங்களில் யாரோ வேக ஊசியை இறுக்கியிருக்கிறார்கள்.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் கண் தடத்தில் இருந்தது.

"ஏய், இந்த ஊசியக் கொஞ்சம் பாரு. சீக்கிரம்."

"நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்கண்ணே. இன்னிக்கு நான் ஓட்ட வந்திருக்கேன்."

அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அவர் வண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். என் மனைவி அவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தடம் மறைக்குது" என்றாள். அவர் தள்ளி நின்றார்.

நான் மூன்றாவதாக வந்தேன். ஒருவர் வந்து, "என்ன பல் போட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை டிப்பர்க்காரர் கடைக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். டிரக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். புது பிளக் போட்டு, இரண்டு ஊசியையும் ஒழுங்காக வைத்தேன். மட்டமாகச் செய்து கொடுத்து ஜெயிக்கவேண்டிய நிலை எனக்கில்லை.

கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவியா?" என்று கேட்டார்.

"எல்லா வாரமும் வருவேண்ணே" என்றேன்.