அறைக்குள் தூங்கிய பேட்டரி

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் என் வேனைத் தள்ளி ஓரங்கட்டிய காவலாளி இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆலைத் தொழிலாளர்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேன் என்னுடையது. பழைய வண்டி. தரகர் மூலம் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும். அந்தக் குளிரில் பேட்டரிக்கு உயிர் நிற்காது. அதனால் டிரைவர்கள் எல்லோரும் ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, காலையில் மாட்டுவோம். என் பேட்டரிக்கு இடம் கட்டிலோரம், கம்பளிக்குள்.

என் மனைவி அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள். "எனக்கு ஒரு போர்வை, அவளுக்கு ரெண்டா?" என்று தினமும் ஒரு இடி இடிக்காமல் படுக்க மாட்டாள்.

அவளுக்கு அது நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. இதுவும் போனால் அவள் தாங்க மாட்டாள், நானும்தான். "வலி எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். பனி விழுந்தால் ஆம்புலன்ஸ் எங்கள் மேட்டுக்கு ஏறாது. என் வேன் கிளம்பியே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேட்டரிக் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன்.

"பெருசு சிறுசு பாக்காத தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். "குளிர்ல ஒரே மூச்சுல எவ்வளவு கரண்ட் தள்ளும்னு மேல ஒரு நம்பர் இருக்கும். அதைப் பாரு. அப்புறம் தயாரிச்ச தேதி. ஆறு மாசம் தாண்டியிருந்தா தொடாத."

எழுநூற்று அறுபது என்று போட்ட ஒன்றை எடுத்தார். செய்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. சோதனைக் கருவியை வைத்து அழுத்தினார். முள் இறங்கவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பிறகு வேனில் இருந்த பழையதைக் கழற்றினார். இரண்டு வயரும் அவர் கையில் தொங்கின. அப்போதும்... பின் சீட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எண்ணினேன். ஒன்பது விநாடி. பிறகுதான் அணைந்தது.

"வயர்ல மிச்சம் மீதி இருந்திருக்கும்" என்றார். ஆனால் அவர் முகம் சரியில்லை. வேனை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். புதியதை மாட்டி முடித்ததும், "இதைக் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போகாத. வண்டியிலேயே இருக்கட்டும். கேட்டியா?" என்றார். இரண்டு முறை சொன்னார்.

தலையைத் தலையை ஆட்டினேன். ஆனால் பழக்கம் விடுமா? அன்று ராத்திரியும் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

விடியற்காலை 4:40.

கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்...

வாசலில் வண்டியை யாரோ ஸ்டார்ட் செய்கிறார்கள். நின்றது. மறுபடி... கர்ர்ர்...

"என்னங்க, நம்ம வண்டி" என்றாள். அவளும் விழித்திருந்தாள்.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். வேன் போட்ட இடத்திலேயே நின்றது. கதவுகள் மூடியிருந்தன. சுற்றிலும் பனி அலுங்காமல் கிடந்தது, ஒரு காலடித் தடம்கூட இல்லை. பின் சீட் விளக்கு மட்டும் எரிந்தது.

திரும்பினேன். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர்.

"வந்துடுச்சுங்க."

அதற்குப் பிறகு எனக்கு மூளை வேலை செய்யவில்லை. சாவி. போர்வை. அவளைத் தாங்கிப் பிடித்து பின் சீட்டில் உட்காரவைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு, வண்டி உறுமியது. கடைக்கார அண்ணனை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

4:52.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஹீட்டரை முழுசாகத் திருகினேன். உள்ளே குளிர் ஏறிக்கொண்டே போனது.

"கை சில்லுன்னு இருக்கு" என்றாள்.

"கம்பளிக்குள்ள வச்சுக்கோ."

"என் கை இல்லங்க..."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வலது ஓரமாக இருந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. சீட்டில் இல்லை. எதன் மேலோ.

இடது ஜன்னலில் மூச்சுக்காற்று படிந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. அந்தப் பக்கம் யாருமே இல்லை.

முனகல் கேட்டது.

ஒன்று அவளுடையது.

இன்னொன்று...

நான் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

5:31. ஆஸ்பத்திரி வாசல். வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஓடினேன், கத்தினேன். நர்சுகள் ஓடி வந்தார்கள். நான் படிவம் நிரப்ப மேஜைக்கு ஓடினேன். அதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"வாசலை மறிக்காதப்பா, ஓரமா போடு" என்றார் காவலாளி.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. 'டிக்' சத்தம்கூட வரவில்லை. அவரே பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"பேட்டரி எங்கப்பா?"

பேட்டரி வைக்கும் தட்டு காலி. இரண்டு வயரும் சும்மா தொங்கின. தட்டின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

பேட்டரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில், கட்டிலோரம், கம்பளிக்குள்.

6:18-க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். வெட்கமில்லாமல் அழுதேன். மனைவி கண்ணைத் திறந்ததும் கேட்டது குழந்தையை அல்ல.

"அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா?"

"என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்களே. அவங்களுக்கும் நிறைமாசம். அவங்க வலியில துடிச்சுக்கிட்டு எனக்குத் தைரியம் சொன்னாங்க."

அவள் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் நீலமாகப் பதிந்திருந்தது.

ஒன்பது மணிக்குக் கடைக்கார அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒரு நம்பர் கொடுத்தார். வேனை முதலில் வைத்திருந்தவருடையது; அவரும் அந்தக் கடைக்குத்தான் வருவாராம்.

அந்த நம்பரில் எடுத்தவர் மெதுவாகத்தான் பேசினார். மூன்று வருடத்துக்கு முன்பு, இதே வேன். விடியற்காலை வலி. மனைவியைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். வண்டி அசையவில்லை. வேறு வண்டி தேடி ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, குழந்தை வெளியே வராமலே.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு நெனச்சேன் தம்பி. அது வீட்டுக்குள்ள இருந்துச்சு. பதட்டத்துல மாட்ட மறந்துட்டேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ ஆஸ்பத்திரிக்குள்ள போனாளா?"

"விசாரிக்கிறேன்" என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தேன். காலையில் வாசலுக்கு ஓடி வந்த நர்சு பதிவேட்டோடு எதிரே வந்தார்.

"உங்களைத்தான் தேடறேன். நீங்க கூட்டிட்டு வந்த இன்னொருத்தங்க பேரு என்ன? ரெண்டாவது வீல்சேரை நான்தான் தள்ளிட்டுப் போனேன். கடைசி ரூம்ல படுக்க வச்சுட்டு டாக்டரைக் கூப்பிடப் போனேன். குழந்தை அழுத சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்து பார்த்தா கட்டில்ல யாருமே இல்ல. பச்சை உடம்போட குழந்தையைத் தூக்கிட்டு எங்க போனாங்க?"

நான் போனை அணைத்திருக்கவில்லை. மறுமுனையில் அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"தம்பி" என்றார். "அது என்ன குழந்தைன்னு கேட்டுச் சொல்றீங்களா?"