குமிழி பார்க்கிறவன்

றொபி பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரிந்த கதை. முகத்துக்கு நேரேயே சொல்லுவார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். கடல்காரன் வீட்டில் பிறந்து, நாற்பத்திரண்டு வயது வரைக்கும் இடுப்பளவு தண்ணிக்கு மேல் இறங்காதவனை வேறு என்னவென்று சொல்லுவது? ஆனால் பாருங்கோ, கற்பிட்டிக் கரையில் கடலட்டைக்கு இறங்குகிறவர்கள் எல்லாரும் தங்கள் போட்டுக்கு ஓட்டியாக அவனைத்தான் கேட்பார்கள். காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் பதினைந்து பாக ஆழத்தில் அட்டை பொறுக்கும்போது, அவன் விடுகிற மூச்சு மேலே குமிழியாக வரும். அந்தக் குமிழியை விட்டுக் கண்ணெடுக்காமல் போட்டைப் பின்னாலேயே கொண்டுபோவதுதான் ஓட்டியின் வேலை. பயந்தவனுக்குக் கண் அயராது.

அவன் குமிழி பார்த்தது தங்கை ஜசிந்தாவின் புருஷன் டெஸ்மனுக்கு. டெஸ்மன் கடலுக்குள் பிறந்தவன் மாதிரி. போட்டும் சிலிண்டர்களும் ஹாசிம் முதலாளியுடையவை. பிடிபடுகிற அட்டையில் முதலாளிக்கு ஒரு பங்கு, இறங்குகிறவனுக்கு ஒரு பங்கு, ஓட்டிக்கும் ஒரு பங்கு. அந்த ஆழத்தில் ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்கு மேல் கூடாது என்று ஹாசிம் முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீறி இறங்கி, காற்று இரத்தத்துக்குள் குமிழியாகிக் கால் விழுந்த இரண்டு பேர் ஊரில் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்கள்.

தவக்கால வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் கோயில் சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் படம் போட்டார். மலைக்குள் பொன் தோண்டுகிற இரண்டு கூட்டாளிகளின் கதை. ஒருத்தன் கயிற்றில் குழிக்குள் இறங்குவான், மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே போனவன் பொன்னைக் கண்டதும் ஏற மனமில்லாமல் தோண்டிக்கொண்டே இருப்பான். மேலே நிற்கிறவனுக்கு மண் சரிவது தெரியும். கூப்பிட்டால் வேலை நின்றுவிடும், பை நிறையாது. அவன் வாயைத் திறக்கமாட்டான். குழி மூடிக்கொள்ளும்.

படம் முடிய, இதில் யார் பேராசைக்காரன் என்று ஃபாதர் கேட்டார். கீழே போனவன் என்றது சனம். யார் தைரியசாலி என்றார். அதுவும் அவன்தான் என்று டெஸ்மன் எல்லாருக்கும் மேலாகச் சத்தம் வைத்தான். ஃபாதர் சிரித்துவிட்டு மீன்பிடிகாரர் இராயப்பரின் கதைக்குப் போனார். ஒன்றும் படாத நாளில் வலையைக் கைவிட்டுப் போக எவனாலும் முடியும், வலை கிழியக் கிழிய மீன் பட்ட நாளிலல்லவா அவரும் கூட்டாளிகளும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆண்டவரின் பின்னால் போனார்கள், அதற்குத்தான் நெஞ்சு வேண்டும் என்றார். அந்த மீனை யார் விற்றது என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தர் கேட்க, கோயிலே சிரித்தது.

றொபிக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு பிடித்தவனைப்பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கவில்லை? எழும்பிக் கேட்க நினைத்தான். அத்தனை சனத்துக்கு முன்னால் எப்படிக் கேட்பது? விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலை, நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி சுண்டுவிரல் அளவில் தெரிகிற தூரத்தில் டெஸ்மன் இறங்கினான். அன்றைக்கென்று நல்ல வெள்ளை அட்டை குவிந்து கிடந்தது. இரண்டாவது சிலிண்டர் முடிந்து ஏறி வந்து, பையைப் போட்டுவிட்டு, இன்றைக்கு இது போதும் மச்சான் என்று சாய்ந்தான். றொபி பையைப் பார்த்தான். ஒழுகுகிற தன் வீட்டுக் கூரைக்கு வாங்கவேண்டிய தகரம் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. கீழே இன்னும் கிடக்குதா என்று கேட்டான். அள்ள அள்ளக் கிடக்குது என்றான் டெஸ்மன். றொபி எழும்பினான். அவசரத்துக்கென்று ஹாசிம் முதலாளி ஏற்றி வைத்திருந்த சிலிண்டர் இரண்டில் ஒன்றை எடுத்து, டெஸ்மனின் காலடியில் வைத்தான். டெஸ்மன் அவனைப் பார்த்தான், சிலிண்டரைப் பார்த்தான், கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

குமிழி வரத் தொடங்கிய பிறகுதான் றொபிக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. கயிறு பிடித்தவனின் முகம் தண்ணிக்குள் தெரிகிற மாதிரி இருந்தது. அன்னம்மாளே, தலவிலைத் தாயே, அவனை மேலே ஏத்திவிடு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பேராசைக்காரனைக் கீழே தேடவே தேவையில்லை, ஆசைப்பட்டவன் இங்கே போட்டுக்குள் குந்தியிருக்கிறான் என்று அவனுக்கு விளங்கியது. குமிழி கொஞ்சம் தள்ளி வந்தாலும் உடனே போட்டைத் திருப்பினான்.

டெஸ்மன் ஏறினான். முழங்கை வலிக்குது என்றான். கொஞ்ச நேரத்தில் வலது கால் மரத்துப்போச்சு என்றான். பிறகு, மற்றச் சிலிண்டரையும் தா, திரும்ப இறங்கினால் கீழே போனதும் வலி விட்டுவிடும், அப்படியே மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறேன் என்றான். அட்டைக்கு இறங்குகிற எல்லாரும் நம்புகிற வைத்தியம் அது. றொபியும் அதை நம்பினவன்தான். கொடுத்தால் சுகமாகுமா, கொடுக்காவிட்டால் இவன் நொண்டியாவானா? ஆண்டவரே, யாரைக் கேட்பது?

டெஸ்மன் கை நீட்டுமுன் றொபி சிலிண்டரைக் கட்டிப்பிடித்து வால்வைத் திறந்துவிட்டான். உஸ்ஸென்று காற்று முழுவதும் போனது.

"என்னை முடமாக்கிப்போட்டாயடா, நாசமாப் போவானே" என்று டெஸ்மன் கரை வரும்வரை திட்டினான். றொபி இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டான். கரையில் ஹாசிம் முதலாளி நின்றார். நாலாவது சிலிண்டரை இவன் திறந்து விட்டுட்டான் என்று டெஸ்மன் முறையிட்டுக்கொண்டே இறங்கக் கால் வைத்தான். கால் மடிந்தது. முதலாளி வேறொன்றும் கேட்காமல் தன் வான் வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு தடவை இறங்கியிருந்தால் பிணமாகத்தான் ஏற்றியிருப்பீர்கள் என்று டொக்டர் சொன்னார். காற்றழுத்தப் பெட்டி உள்ள இடத்துக்கு உடனே அனுப்பப்போகிறோம், நடப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஹாசிம் முதலாளி நடந்ததைச் சொல்ல, டெஸ்மனின் பக்கத்தில் நின்ற ஜசிந்தா ஓடிவந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சனத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள், அண்ணன் இல்லாவிட்டால் என் தாலி போயிருக்கும் என்று. ஊரே பயந்தாங்கொள்ளி என்று சொன்ன மனிசன், பாருங்கோ என்றாள்.

றொபி சனத்தைப் பார்த்தான். பேசாமல் நின்றாலே போதும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"ஜசிந்தா, நாலாவதைத்தான் நான் திறந்து விட்டனான். மூண்டாவதை எடுத்து வச்சதும் நான்தான். அவன் போதுமெண்டுதான் சொன்னவன்."

அவள் கையை விட்டாள்.

"நாலாவதுக்கு உங்களைத் திட்டிக்கொண்டு கிடந்தவர், மூண்டாவதைப்பத்தி ஒண்டுமே சொல்லேல்லையே" என்றாள்.

அப்போதுதான் றொபிக்கு அழுகை வந்தது.