கையெழுத்துக்கு முன் ஒரு பஸ் பயணம்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்தான் படாளத்தில் அந்த மையத்தைத் தொடங்கினாள். கை கால் இயக்கம் சரியில்லாத பிள்ளைகளுக்குப் பகலில் பயிற்சி தரும் இடம். அதை அறக்கட்டளையாகப் பதிவு செய்தபோது அறங்காவலர்களாக ஐந்து பேர் வேண்டியிருந்தது.

"உனக்கு ஒரு வேலையும் இருக்காதுடி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள்.

நான் கூடுவாஞ்சேரியில் பள்ளி ஆசிரியை. நல்ல காரியத்தில் நம் பெயரும் இருக்கட்டுமே என்று சம்மதித்தேன். இரண்டு வருஷம் அவள் சொன்னபடியேதான் நடந்தது. அவள் பேசுவாள், நாங்கள் தலையாட்டுவோம். தீர்மானப் புத்தகம் கைக்குக் கை மாறும்.

ஒரு கூட்டத்துக்கு அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி இருந்த தன் வீட்டை ஒருவர் மையத்துக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தார். போனில் படங்களைக் காட்டினாள். அகலமான அறைகள், சக்கர நாற்காலி ஓடும் அளவுக்கு வராந்தா, தென்னைகள். படாளத்தின் இரண்டு அறை வாடகை வீடு எங்கே, இது எங்கே. அடுத்த சனிக்கிழமை தீர்மானம் போட்டு முழுசாக அங்கே மாறிவிடலாம் என்று பேசி எழுந்தோம்.

வெளியே ஒரு தாய் தன் மகளின் காலில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். நடக்க வராது.

"இன்னா டீச்சர், கடலோரத்துக்கு மாத்தப் போறீங்களாமே? நாங்க எப்டி வர்றது?"

"கேட்டுச் சொல்றேம்மா."

"யார கேப்பீங்க? நீங்கதான கமிட்டி? அதான் உங்கள கேக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாள் நாம சேர்ந்து போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே படாளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் ஊருக்குப் போனேன். வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் மகளை இடுப்பில் சுமந்தாள். அங்கே பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வந்த பஸ்ஸில் கூட்டம். படியில் ஏற நான் பெண்ணின் கால்களைப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விசில் ஊதினார். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பெண்ணுக்குக் கால் இறுகி வலி வந்துவிட்டது. அம்மா தேய்த்துக்கொண்டே வந்தாள். மாமல்லபுரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அந்த வீட்டு வாசலில் நின்றபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வீடு படத்தில் பார்த்ததைவிட அழகு. அலையைப் பார்த்ததும் அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். நானும் அவள் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"சோக்காதான் கீது டீச்சர். ஆனா தெனம் இப்டி வந்தா என் இடுப்பு போய்டும். நா வரமாட்டேன். இவ திரும்பவும் வூட்லயே கெடப்பா" என்றாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இடமாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்றும் சொன்னேன்.

தோழியின் முகம் சிவந்தது. "இத்தன வருஷம் இதுக்காக ஓடினவ நான். நீ ஒரு நாள் பஸ்ல போய்ட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"உனக்குத் துணையா நிக்கத்தான் வந்தேன்னு நானும் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் நம்மள இங்க உக்கார வெச்சிருக்காங்க. எனக்கே இந்த வாரம்தான் புரிஞ்சுது."

அறக்கட்டளைத் தலைவரான ஓய்வுபெற்ற டாக்டர், "எது சரின்னு எனக்கும் தெரியல. ஒரு மாசம் தள்ளி வைப்போம். ஆளுக்கு நாலு வூடு போய்ப் பார்த்துட்டு வந்து பேசுவோம்" என்றார்.

அந்த மாதம் முழுக்க தோழி என் போனை எடுக்கவில்லை. ஆனால் அவளும் வீடு வீடாகப் போனாள். டாக்டர் ஒரு படி மேலே போய், கடலோர வீட்டைச் சுற்றியிருந்த மீனவக் குப்பங்களிலும் விசாரித்தார். படாளத்துக்கு வரவே முடியாமல், பயிற்சி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் தோழிதான் முதலில் பேசினாள். "படாளம் அங்கேயே இருக்கட்டும். கடலோர வீட்டுல வாரத்துக்கு மூணு நாள் தனியா ஒண்ணு நடத்துவோம்." முழு மையமும் வரும் என்று நினைத்து வீட்டைத் தர முன்வந்தவர் தயங்கினார். டாக்டரும் அவளும் அவரைக் குப்பத்துக்கே அழைத்துப்போய்க் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். பெற்றோர் தரப்பில் ஒருவர் அறங்காவலராக வேண்டும் என்று நான் சொன்னேன். என்னிடம் கேள்வி கேட்ட அந்த அம்மாவையே எல்லோரும் சேர்த்துக்கொண்டார்கள்.

கடலோர மையம் திறந்த முதல் நாள் காலையில் ஒரு மீனவர் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பயிற்சி முடியும் வரை சுவரோரமாக நின்று பார்த்தார். கிளம்பும்போது, "நாளைக்கும் வரலாமா?" என்று தோழியிடம் கேட்டார்.

"திங்கள், புதன், வெள்ளி மட்டும்தாண்ணே."

"செவ்வாக்கெழம கெடையாதா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த கூட்டத்துல பேசிடலாமா?" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரண்டு பயிற்சியாளர்களுக்குப் போன் செய்து கேட்டேன். ஒருவர் செவ்வாய் வர முடியும் என்றார்.