யாரோ வாடகைக்கு விட்ட என் வீடு

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. மதியத்துக்குக் குழம்பு கூட்டி அடுப்பில் வைத்திருந்தேன். வாசலில் கார் ஹாரன் விடாமல் கேட்டது. குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. சீசன் சமயத்தில் வழி தவறி வருகிறவர்கள் வண்டியை எங்கள் வாசலில் வைத்துத்தான் திருப்புவார்கள். அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்து நான் அசையவில்லை. ஹாரன் நிற்காமல் போகவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது சொல்லக்கூடிய ஒருவர் காரிலிருந்து இறங்கி, எங்கள் கேட்டின் கொண்டியைத் தானே எடுத்துத் திறந்துகொண்டிருந்தார்.

"கேர்டேக்கர் அம்மாவா? எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறது? போன்ல சொல்லியிருப்பாங்களே" என்றார்.

"யாரு சொன்னா? நீங்க எங்க போகணும்?"

"இங்கதான். காட்டேஜ் புக் பண்ணியிருக்கோம்."

"இங்கன காட்டேஜ்லாம் கிடையாது. இது நாங்க குடியிருக்கிற வீடு. நீங்க இடம் மாறி வந்துட்டிய."

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் வீடு இருந்தது. வாசல் படி, கம்பி போட்ட வராந்தா, மாடிப் படுக்கையறை, அந்த ஜன்னல் வழியாகத் தெரியும் மலை. சமையலறைப் படத்தில், என் கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய கிரைண்டர்கூட ஓரமாக நின்றது. மேலே கொட்டை எழுத்தில் ஏதோ ஒரு காட்டேஜின் பெயர். அருவிக்கு நடந்தே போகலாம், குடும்பத்துடன் தங்கலாம், முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று எழுதியிருந்தது.

அந்தப் படங்களை எடுத்தவள் என் மகள். கணவர் இறந்த பிறகு மாடியைக் குடித்தனத்துக்கு விடலாம் என்று முடிவு செய்தபோது, பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தவள் வீடு முழுக்கப் படம் பிடித்து, வாடகை வீடு தேடுகிற ஒரு தளத்தில் போட்டாள். அதைப் பார்த்து ஒரு வங்கி ஊழியரும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். அதோடு நாங்கள் அந்தப் படங்களை மறந்துவிட்டோம். வேறு யாரோ மறக்கவில்லை.

வந்தவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அவர் குரல் உயர்ந்தது.

"போட்டோவும் இதே வீடு, மேப்பும் இங்கதான் கொண்டுவந்து விடுது. முழுப் பணமும் கட்டியாச்சு. இப்ப வந்து இல்லைங்கிறீங்க. இதவிட அதிகமா யாரும் தர்றேன்னு சொல்லிட்டாங்களா?"

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "அந்த நம்பருக்கு என் முன்னாடியே போன் போடுங்க" என்றேன்.

போட்டார். மணி அடித்த உடனே எடுத்துவிட்டான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. ஏமாற்றுகிறவன் போனை அணைத்துவிட்டு ஓடிவிடுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனோ வெகு பணிவாக, "சொல்லுங்க சார், வந்து சேர்ந்துட்டீங்களா?" என்றான். ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"இங்க ஒரு அம்மா இது காட்டேஜே இல்லைங்கிறாங்க."

"ஐயோ, அவங்களா சார்? கொஞ்சம் மனநிலை சரியில்லாதவங்க. ஓனருக்குச் சொந்தம், பாவம்னு வச்சிருக்கோம். யார் வந்தாலும் என் வீடு என் வீடுன்னு சொல்லுவாங்க. நீங்க கண்டுக்காதீங்க. டெபாசிட் அமவுண்ட் மட்டும் பாக்கி இருக்கு சார், அதப் போட்டு விட்டீங்கன்னா நம்ம ஆளு சாவியோட இப்பவே வந்துருவாரு."

சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஒருவன் என்னைப் பைத்தியம் என்று சொல்வதைக் கேட்டேன். அதைவிட வலித்தது, வந்தவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்ததுதான். ஈரச் சேலை, கையில் கரண்டி, கலைந்த தலை. அவர் கட்டைவிரல் பணம் அனுப்பும் செயலியைத் திறக்கப் போனது.

"ஏ, யாருலே நீ?" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். "யார் வீட்ட யாரு வாடகைக்கு விடுதது?"

இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டபோது எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காருக்குள் அவர் மனைவியும் அம்மாவும் இருந்தார்கள். மனைவி இறங்கி வந்து நடந்ததைக் கேட்டாள். திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலையே கிளம்பியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து இப்போதுதான் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பு தேறினால் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மகனிடம் கேட்டிருந்தாராம்.

"அத்தைக்கு மட்டும் தெரியவேண்டாங்க" என்றாள் அந்தப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு. "என்னாலதான் உங்களுக்குப் பணம் போச்சுன்னு சொல்லி இப்பவே திரும்பச் சொல்லிருவாங்க. வேற ரூம் கிடைக்கிற வரைக்கும் அவங்க கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டுமா?"

சீசன் சனிக்கிழமையில் குற்றாலத்தில் ரூம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். மாடியில் குடியிருப்பவர்களும் அன்று ஊரில் இல்லை; தனியாக இருக்கிற பெண், முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடுவதா என்ற பயமும் இருந்தது. ஆனால் அதற்குள் அந்த அம்மா காரைவிட்டு இறங்கி, குடையில்லாமல், மெல்ல மெல்ல வாசலுக்கு நடந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "ஏம்மா, வெந்நீர் கிடைக்குமா? படத்துல பார்த்ததவிட வீடு பழசா இருக்கே" என்றார்.

நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

அடுத்து என்ன செய்வது என்று அந்த மகனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "போலீஸ்லாம் எதுக்கு, போனது போனதுதான்" என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் போன் போட்டேன். அவள்தான் படபடவென்று சொன்னாள்: முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பணம் கைமாறும். உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, எந்தக் கணக்குக்குப் பணம் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதையெல்லாம் வாங்கிப் புகாராகப் பதிந்துகொண்டார். பக்கத்துக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். இன்னொரு பக்கம் என் வீட்டை வைத்து இந்த வியாபாரம் நடக்கிறதே, நானும் புகார் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனைவியை அம்மாவுக்குத் துணைக்கு விட்டுவிட்டு, அவருடைய காரிலேயே இருவரும் போனோம்.

நிலையத்தில் இருந்த ஏட்டையா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இன்னைக்கே வந்தது நல்லதாப் போச்சு. அவன் பேசுனத எதையும் அழிச்சிராதிய. அந்த நம்பர பிளாக் பண்ணாதிய. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிடுங்க. இனிமே பணம் திருப்பித் தாரேன்னு எவனாவது கூப்பிடுவான். அவனும் கள்ளன்தான், எடுக்காதிய."

எல்லாம் எழுதி முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதிய. வீடு உங்களுது. போட்டோ உங்களுது. வந்தவுகளும் உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்காவ. பணம் மட்டும் வேற எங்கயோ போயிருக்கு. கேக்கவேண்டியது எங்க வேல இல்லையா?"

"கேளுங்க" என்றேன். என் கணக்கு விவரம், ஆதார், மகளின் எண் எல்லாம் கொடுத்தேன். அதன்பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார்.

"உங்களுக்கு இவுக மேல சந்தேகம் ஏதும் இருக்கா?"

என் வீட்டுக் கட்டிலில் அவருடைய அம்மா படுத்திருந்தார். என் அடுப்பில் அவருக்கு வெந்நீர் காய்ந்திருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றார்.

காரில் திரும்பி வந்தோம். கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது. வீட்டுக்குப் போனதும் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட வேண்டும் என்று மனத்துக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். உள்ளே நுழைந்தால், அந்த அம்மா கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இந்தத் தலகாணி உறைய மட்டும் மாத்திப் போட்டுரு. குழம்பு உன் கைப்பக்குவமா? நாக்குல ருசியே தெரியாமக் கிடந்துச்சு, இன்னைக்குத்தான் தெரியுது" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இங்க உனக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்காங்களா?" என்று கேட்டார்.

"குடுக்காவ" என்றேன். உறையை மாற்றிப் போட்டேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. கோபம் அடங்கியிருக்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் ஐந்தருவிக்குப் போய்வந்தார்கள். கூட்டத்தில் அந்த அம்மாவால் தண்ணீருக்குக் கிட்டே போக முடியவில்லை. தூவானம் முகத்தில் படுகிற இடத்தில் நின்றுவிட்டு, போதும் என்று சொல்லிவிட்டாராம். அன்றிரவு கூடத்திலேயே தங்கிக்கொண்டார்கள். என் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்தேன். என் வீட்டில் நான் அப்படிப் படுத்தது அதுதான் முதல் தடவை.

காலையில் கிளம்பும்போது அவர் பணத்தாள்களை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"டீச்சர், அங்க ஸ்டேஷன்ல நான்..."

"மழை வலுக்கதுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றேன். அவர் முடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. கேட்கப் பொறுமையில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த வாரக் கடைசியில் இரண்டு குடும்பங்கள் வந்தன. அதற்கடுத்து ஒரு வேன் நிறைய இளைஞர்கள். நான் சொன்னதை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டை உதைத்தார்கள், பூந்தொட்டியை உடைத்தார்கள். ஒருவன் போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டே, "இதான் மக்களே அந்த ஃபிராடு அம்மா, நல்லாப் பாத்துக்கோங்க" என்றான். அந்த வீடியோ எங்கள் பள்ளி ஆசிரியர் அறைவரை வந்து சேர்ந்தது. யாரும் என்னிடம் நேரடியாகக் கேட்கவில்லை. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. மாடியில் குடியிருந்தவர்கள், சனி ஞாயிறு நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று சொல்லித் தென்காசிக்கே வீடு மாறிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மகள் அந்தப் போலி விளம்பரப் பக்கத்தைப் பற்றிப் புகார் மேல் புகார் அனுப்பினாள். ஒருநாள் அது காணாமல் போனது. ஒரு மாதத்துக்குள் வேறு பெயரில், அதே வராந்தாவோடு திரும்ப வந்தது. பழைய தளத்திலிருந்து படங்களை நீக்கினோம். என்ன பிரயோஜனம்? கேட்டில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'இது தங்கும் விடுதி அல்ல. ஆன்லைனில் பணம் கட்டியிருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். மேற்கொண்டு பணம் அனுப்ப வேண்டாம். உடனே வங்கிக்கும் சைபர் உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.'

திண்டுக்கல்காரரிடமிருந்து பல மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. உடனே புகார் கொடுத்ததால் பணத்தில் ஒரு பகுதி அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டு, கோர்ட் உத்தரவு வாங்கிக் கிடைத்துவிட்டதாம். மீதி எங்கெங்கோ கைமாறிப் போய்விட்டது. ஏட்டையா சொன்னதுபோலவே ரீஃபண்ட் தருகிறோம் என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாளாம். அம்மா நலம் என்று எழுதியிருந்தார். காவல் நிலையத்தில் சொன்னதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'சந்தோஷம்' என்று மட்டும் பதில் போட்டேன்.

போன சீசனில் ஒருநாள் கணவனும் மனைவியும் குடைக்குள் நின்று அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கதவைத் திறந்து வராந்தாவில் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தேன். எந்த வங்கி, எப்போது கட்டினீர்கள் என்று கேட்டு, உதவி எண்ணைப் போட்டுக் கொடுத்து, என்னென்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே சொன்னேன். செய்திகளை அழிக்காதீர்கள் என்றேன். யார் கூப்பிட்டு ரகசிய எண் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றேன். இப்படி ஆட்கள் வந்து வந்து எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

அந்தப் பெண் நன்றி சொன்னாள். கணவர் காப்பியைத் தொடவில்லை. டம்ளரையும், என்னையும், எனக்குப் பின்னால் திறந்து கிடந்த கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் இவ்வளவு சரியாச் சொல்றீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

முதல் நாளிலிருந்து நடந்ததை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் எழுந்து குடையை விரித்துவிட்டார்.